பவுல் எழுதிக் கொடுத்த துண்டு

(சேரம்பாடியில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘அப்போஸ்தலரின் நிருபங்கள் இன்றைய விசுவாசிக்குப் பெரிதும் வற்புறுத்துவது விசுவாசத்தையா? கிரியையையா?’ ‘கிரியையையே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா அவர்கள் வெகு அருமையாகப் பேசினார்கள். ரோமர் நிருபத்தில் ஆரம்பிச்சு, கலாத்தியரைத் தொட்டு, எபேசியரிலே கொண்டுபோய் முடிச்சாங்க. மனுஷன் ரட்சிக்கப்படறது விசுவாசத்தாலே, அவன் செய்கிற கிரியையாலே இல்லே என்று ஒரு கோட்டையே கட்டிட்டாங்க. நான் அந்தக் கோட்டையை இடிக்க வரவில்லை. கோட்டைக்குள்ளே குடியிருக்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதே நிருபங்கள் சொல்கின்றனவே, அதை எடுத்துச் சொல்ல வந்திருக்கிறேன். (கைதட்டல்)

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சைவக் குடும்பத்திலே பிறந்தவன். தமிழ் வாத்தியார். உங்கள் வேதத்தை முதலில் தமிழுக்காகத்தான் படித்தேன். நிருபங்களுக்கு வந்தபோது தமிழை மறந்துவிட்டுப் படித்தேன்.

நிருபம் என்பது நல்ல பழைய சொல். கடிதம், ஓலை என்று பொருள். அந்தக் குடும்பத்திலே இன்றைக்குப் பழக்கத்தில் மிச்சம் இருப்பவர் பத்திரிகை நிருபர் ஒருவர்தான். நிருபர் ஊரில் நடந்ததை எழுதுகிறார். நிருபம் எழுதினவர்களோ ஊரில் நடக்க வேண்டியதை எழுதினார்கள். (சிரிப்பு)

ஐயா, இது புத்தகமில்லை, கடிதம். அதை நாம் மறந்துபோகிறோம். கறுப்பு அட்டை போட்டு, ஓரத்திலே சிவப்புச் சாயம் பூசினதும், ஏதோ வானத்திலிருந்து அச்சாகி இறங்கினது மாதிரி நினைத்துவிடுகிறோம். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் சொல்லச் சொல்லக் கையால் எழுதினவர் பெயர் தெர்தியு. அவரும் நடுவிலே ஒரு வரி புகுந்து, நானும் வாழ்த்துச் சொல்கிறேன் என்கிறார்! தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்திலே, துரோவாவிலே கார்ப்பு என்பவர் வீட்டில் ஒரு மேலங்கியை விட்டுவிட்டு வந்தேன், வரும்போது எடுத்துக்கொண்டு வா, குளிர் காலத்துக்கு முன்னாலே வந்து சேர் என்று கேட்கிறார். மதுரையிலே உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சேரம்பாடிக்கு வந்து இறங்கினதும் புரிந்துபோச்சு! (சிரிப்பு, கைதட்டல்)

இந்தத் தோட்டங்களிலே வயசானவங்களுக்கு இது நன்றாகத் தெரியும். இலங்கையிலிருந்து ஒரு கடிதம் வந்தால், விலாசத்தில் ஒருத்தர் பேர்தான் இருக்கும். ஆனால் படிப்பு தெரிந்த ஒருத்தர் உட்கார்ந்து வாசிப்பார், லைன் வீட்டு ஜனமே கூடி நின்று கேட்கும். அப்போஸ்தலர் நிருபங்களும் அப்படித்தான் கேட்கப்பட்டன. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, இதை எல்லாச் சகோதரருக்கும் வாசிக்க வேண்டும் என்று பவுல் ஆணையிட்டே சொல்கிறார். கேட்டவர்கள் யார்? வேதாந்தப் பண்டிதர்களா? பெரும்பாலும் உழைக்கிற ஜனங்கள். அடிமைகள் உண்டு, கூலிக்காரர் உண்டு, வீட்டு வேலை செய்கிற பெண்கள் உண்டு.

பேதுருவின் முதல் நிருபத்துக்கு வருகிறேன். யாருக்கு எழுதுகிறார்? பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று ஐந்து நாடுகளைச் சொல்லி, அங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு எழுதுகிறார். இன்றைக்குத் துருக்கி தேசத்தில் இருக்கிற பகுதிகள் அவை. சொந்த மண் இல்லாமல் வாழ்கிறவர்களைத் தமிழ் வேதாகமம் ‘பரதேசி’ என்று சொல்கிறது. பரதேசி என்றால் வேறு தேசத்தான், அவ்வளவுதான் பொருள். பாவம், அந்தச் சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். வீடில்லாதவனைக் குறிக்கிற சொல்லைத் திட்டாக மாற்ற ஒரு சமுதாயத்துக்கு எவ்வளவு நேரமாகிறது பாருங்கள்!

பரதேசி என்கிற சொல்லுக்குச் சேரம்பாடியிலே நான் உரை சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தாத்தா பாட்டி கதையே அதுதான். தமிழ்நாட்டுச் சீமையிலிருந்து கிளம்பிப்போய், கண்டிச் சீமை மலைகளிலே காப்பியும் தேயிலையும் நட்டார்கள். 1948-இலே இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. இலட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். அதிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை என்ன செய்வது என்று பத்து வருஷம் கழித்து, 1974-இலே, ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனுஷனை எண்ணினார்களா, மூட்டையை எண்ணினார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-இலே வனத்துறை இந்த மலைகளில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் 1976-இலே டான்டீ என்கிற அரசு நிறுவனமானது. அங்கே இருந்தபோது கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்து இறங்கினதும் சிலோன்காரங்க என்றார்கள். அங்கேயும் அந்நியன், இங்கேயும் அந்நியன்! பத்து, இருபது வருஷமில்லை. 2022-இலே டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென்று அரசு முடிவெடுத்தபோது, ‘இனி எங்கே போவது?’ என்கிற அதே கேள்வி மறுபடியும் லைன் வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்தது.

பேதுரு இந்த மாதிரி ஜனங்களுக்கு என்ன சொல்கிறார்? விசுவாசத்தைப் பற்றிச் சொல்கிறார், மறுக்கவில்லை. நெருப்பிலே சோதிக்கப்படுகிற பொன்னைவிட அது விலையேறப்பெற்றது என்கிறார். (பொன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பக்கத்திலே பந்தலூர், தேவாலாப் பக்கம் 1880 வாக்கிலே தங்கம் கிடைக்கிறது என்று லண்டனிலே கம்பெனி கம்பெனியாக ஆரம்பித்து, பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வந்த தங்கத்தைவிட மண்ணுக்குள்ளே போன பணம்தான் அதிகம். பேதுருவைப் படித்திருந்தால் மிச்சமாகியிருக்கும்!) (சிரிப்பு)

அதோடு விடவில்லை. நாலாம் அதிகாரத்திலே, ஒருவரை ஒருவர் உபசரியுங்கள், முறுமுறுக்காமல் உபசரியுங்கள் என்கிறார். அந்த ‘முறுமுறுக்காமல்’ என்பதிலேதான் அனுபவம் தெரிகிறது. விருந்து வைக்கிறது சுலபம். விருந்தாளி போனதும் அடுப்பங்கரையிலே நடக்கிற பேச்சு இருக்கிறதே, அதை நிறுத்துகிறதுதான் கஷ்டம்! இதை யாரிடம் சொல்கிறார்? மாளிகையில் இருக்கிறவனிடமில்லை. தானே வந்தேறியாக, வாடகைக் குடியாக இருக்கிறவனிடம் சொல்கிறார். உனக்கே இடமில்லாதபோதும் இன்னொருவனுக்கு இடம் கொடு என்கிறார்.

இன்றைக்கு நீலகிரித் தோட்டங்களிலே கொழுந்து பறிக்க யார் வருகிறார்கள்? ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள், அஸ்ஸாமிலிருந்து வருகிறார்கள். அதிலே சில பேர் கிறிஸ்தவர்களே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து, பாஷை புரியாமல், கடைசி வரிசையிலே கைக்குழந்தையோடு உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார்கள். நேற்று உங்கள் ஆத்தா உட்கார்ந்த இடத்திலே இன்றைக்கு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். உங்களை ‘சிலோன்காரங்க’ என்று கூப்பிட்ட மாதிரி அவளை ‘இந்திக்காரி’ என்று கூப்பிட்டால், பேதுருவின் நிருபத்தை நீங்கள் கேட்டீர்களா, கேட்கவில்லையா? எதிரணி அம்மா சொல்லட்டும். அவள் பேர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கிறது விசுவாசமா, கிரியையா?

உட்காரும் இடம் என்றதும் யாக்கோபு வந்துவிடுவார். அவருடைய நிருபம் அஞ்சே அதிகாரம்தான். ஆனால் சுள்ளென்று இருக்கும். பொன் மோதிரமும் மினுக்கு வஸ்திரமும் போட்டுக்கொண்டு ஒருவன் சபைக்கு வருகிறான், கந்தையோடு ஒரு ஏழையும் வருகிறான். மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், ஏழைக்கு நில் அல்லது காலடியிலே உட்கார் என்று சொல்கிறாயே, இது என்ன நியாயம் என்று கேட்கிறார். நம்ம தமிழ்நாட்டுத் திருச்சபையிலே இது மோதிரத்தோடு நின்றதா? சாதியாகவே வந்து உட்கார்ந்தது. 1833-இலே கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள்ளே சாதி வேற்றுமை அடியோடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பல பேர் என்ன செய்தார்கள்? சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்! அவர்களுக்கு விசுவாசத்திலே குறைவா? ஜெபத்திலே குறைவா? பாட்டிலே, பக்தியிலே குறைவா? ஒன்றுமில்லை. பக்கத்திலே உட்கார்வதிலேதான் குறை. யாக்கோபு அதைத்தானே பிடித்துக் கேட்டார்?

எதிரணியிலே தம்பி ஒருத்தர், மார்ட்டின் லூதரே யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று சொல்லிவிட்டார் என்றார். சொன்னார், 1522-இலே சொன்னார். ஆனால் லூதரின் வழிவந்த சீகன்பால்கு தரங்கம்பாடியிலே தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715-இலே முடித்தபோது, அந்த வைக்கோலையும் சேர்த்துத்தான் அச்சிட்டார். வைக்கோலின் அருமை விவசாயிக்குத் தெரியும் தம்பி! (நீண்ட கைதட்டல்)

சரி, யாக்கோபு வேண்டாம், எங்களுக்குப் பவுல் போதும் என்கிறீர்கள். வாருங்கள், உங்கள் கோட்டையின் அஸ்திவாரத்துக்கே போவோம். விசுவாசத்தாலேயே நீதிமானாவது என்பதைப் பவுல் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்திலே எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்கிறார்? அந்தியோகியாவிலே ஒரு சாப்பாட்டு விஷயம். பேதுரு முதலில் புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டார். எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும், மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாரா? இல்லை. எல்லார் முன்னாலேயும் முகத்துக்கு முகம் எதிர்த்தார். அந்தச் சண்டையிலே பிறந்த உபதேசம்தான் அம்மா இவ்வளவு நேரம் பேசின உபதேசம்! எவனோடு பந்தியில் உட்காருவது என்கிற கேள்விக்குப் பதிலாக வந்ததை, பந்தியை விட்டுவிட்டு உபதேசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் எப்படி? திருநெல்வேலிப் பக்கத்திலே சபை அசனம் என்று ஊரே சேர்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பந்தி, கலாத்தியருக்கு எழுதப்பட்ட நல்ல உரை என்பேன்.

யாக்கோபு அஞ்சாம் அதிகாரத்துக்குத் திரும்ப வருகிறேன். வயலை அறுத்தவனுடைய கூலியைப் பிடித்துவைத்துக் கொண்டாயே, அந்தக் கூலியே கூக்குரல் போடுகிறது என்கிறார். வேலைக்காரன் கூப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பெட்டிக்குள்ளே கிடக்கிற காசு கத்துகிறதாம்! தமிழிலே எத்தனையோ உவமை படித்திருக்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இது பெரிய முதலாளிக்கு மட்டும் சொன்னதா? இங்கே இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற சின்ன விவசாயிகள் இருக்கிறீர்கள். பாக்டரிக்காரன் உங்களுக்கு விலை குறைத்தால் கொதிக்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் உங்கள் தோட்டத்தில் பறித்த அம்மாவின் கொழுந்தை எடை போடும்போது, ஈரத்துக்கு ஒரு கிலோ, கூடைக்கு ஒரு கிலோ என்று கழிக்கிறது யார்? சாயங்காலம் கழித்துவிட்டு, ராத்திரி குடும்ப ஜெபத்திலே முழங்கால் போட்டால், அந்த இரண்டு கிலோ ஒரு மூலையில் நின்று கத்துமே! (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு கடிதம். பிலேமோனுக்கு எழுதினது. 25 வசனம்தான், ஒரு பக்கம். சபையிலே அதிகம் பிரசங்கம் பண்ணப்படாத நிருபம் இதுவாகத்தான் இருக்கும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான்.

அதைச் சொல்லுவதற்கு முன்னால், துண்டு என்றால் என்ன என்று இங்கே உள்ள இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். தோளில் போடுகிற துண்டு இல்லை. இலங்கைத் தோட்டங்களிலே தொழிலாளி பெயரில் எப்போதும் ஒரு கடன் இருக்கும். கப்பல் ஏறின செலவு, வந்து இறங்கின செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணி கணக்கிலே பற்று. கங்காணிக்குத் தோட்டத்திலே பற்று. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் இவன் ஆட்களையும் விடுகிறேன் என்று எழுதியிருக்கும். அந்தச் சீட்டுக்குப் பேர்தான் துண்டு. புதுத் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டுவார், அது அப்படியே ஆட்களின் தலையில் புதுக் கடனாக ஏறும். கடன் தீராது, கை மாறும். மனுஷனும் கூடவே கை மாறுவான். 1921-இலே சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். அந்த மலைகளிலே 1854-இலிருந்து ஊழியம் செய்த மிஷனுக்குப் பேரே ‘டமில் கூலி மிஷன்’. சுவிசேஷம் கேட்டவனின் இடுப்பிலும் துண்டுக் கடன் இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிலேமோனுக்கு வாருங்கள். பிலேமோன் வசதியுள்ளவர், வீட்டிலேயே சபை கூடுகிறது. அவருடைய அடிமை ஒநேசிமு. எஜமானை விட்டுப் பிரிந்து வந்தவன், சிறையில் இருக்கிற பவுலைச் சந்திக்கிறான், விசுவாசியாகிறான். ஒநேசிமு என்றால் பயனுள்ளவன் என்று அர்த்தம். முன்னே உனக்குப் பயனில்லாதிருந்தான், இப்போது உனக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்று பவுல் பேரை வைத்தே சிலேடை போடுகிறார். காளமேகப் புலவர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்! அவனைத் திருப்பி அனுப்புகிறார். கையிலே கடிதம். இனிமேல் அவனை அடிமையாக ஏற்றுக்கொள்ளாதே, சகோதரனாக ஏற்றுக்கொள், என்னை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொள் என்று இருக்கிறது.

கத்தோலிக்கர்கள் நிருபத்தைத் திருமுகம் என்கிறார்கள். எங்கள் பதினோராம் திருமுறையிலே முதலில் இருப்பது திருமுகப் பாசுரம். ஆலவாய்ச் சொக்கநாதர், பாணபத்திரர் என்கிற ஏழைப் பாணருக்காகச் சேரமான் பெருமாளுக்கு எழுதின சிபாரிசுக் கடிதம். ஏழைக்காக எழுதுகிற கடிதம் தெய்வத்துக்கே ஏற்றது என்று எங்கள் பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆனால் பவுல் சிபாரிசோடு நிற்கவில்லை. அடுத்த வரிதான் என்னை உலுக்கிவிட்டது. அவன் உனக்கு ஏதாவது அநியாயம் செய்திருந்தாலோ, கடன்பட்டிருந்தாலோ, அதை என் கணக்கிலே எழுது, நானே கட்டுகிறேன் என்கிறார். அதுவரைக்கும் வேறொருவர் எழுதினாரோ என்னவோ, அந்த இடத்திலே பவுலாகிய நான் என் கையாலேயே எழுதுகிறேன் என்று போட்டுக் கொடுக்கிறார். புரோநோட்டு! (கைதட்டல்)

ஐயா, துரை எழுதின துண்டு, கடனைச் சொல்லி மனுஷனைக் கட்டினது. பவுல் எழுதின துண்டு, கடனைத் தன் பேரில் ஏற்றிக்கொண்டு மனுஷனை அவிழ்த்துவிட்டது. எழுதினவர் யார்? பாங்கிக்காரரா? சிறையிலே விலங்கோடு இருக்கிற வயசானவர். சொந்தமாக ஒரு மேலங்கி, அதுவும் துரோவாவிலே கிடக்கிறது!

எதிரணி கேட்கலாம்: அடிமை முறையே கூடாது என்று பவுல் எழுதவில்லையே என்று. எழுதவில்லை, உண்மைதான். எனக்கும் அதிலே வருத்தம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்காவில், ஓடிப்போன அடிமையைத் திருப்பி ஒப்படைக்க இதே நிருபத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கடிதத்தின் முதல் பாதியைப் படித்தார்கள். ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பினார் என்பதைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஏற்றுக்கொள்ளச் சொன்னார் என்பதை விட்டுவிட்டார்கள். விசுவாசம் மட்டும் போதும், நடப்பு எப்படியும் இருக்கலாம் என்றால் கடிதத்துக்கு இந்தக் கதிதான் வரும்.

இதிலே பவுலின் சாமர்த்தியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டுமா? அப்பியாளுக்கும், அர்க்கிப்புவுக்கும், அந்த வீட்டிலே கூடுகிற சபைக்கும் சேர்த்தே முகவரி போட்டிருக்கிறார். அதாவது லைன் வீட்டிலே வாசிக்கிற மாதிரி, எல்லார் முன்னாலேயும் வாசிக்க வேண்டும். பிலேமோன் நடுவிலே உட்கார்ந்திருக்கிறார், ஒநேசிமு வாசல் பக்கம் நிற்கிறான், சபை மொத்தமும் எஜமான் முகத்தையே பார்க்கிறது! அதோடும் விடவில்லை மனுஷன். கடைசியிலே போகிற போக்கில் ஒரு வரி: எனக்கு ஒரு அறை ஆயத்தம் பண்ணி வை, நான் வருவேன் என்று நம்புகிறேன் என்கிறார். (சிரிப்பு) என்ன அர்த்தம்? வந்து பார்ப்பேன்! நீ என்ன விசுவாசிக்கிறாய் என்பதை அங்கிருந்தே தெரிந்துகொள்வேன். ஒநேசிமு எங்கே படுக்கிறான், எந்தப் பந்தியிலே சாப்பிடுகிறான் என்பதை நேரில் வந்து பார்ப்பேன்!

நடுவர் அவர்களே, மணியை அடித்துவிட்டீர்கள். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்த ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், தீர்ப்பை நான் உங்களிடமே விட்டுவிடுகிறேன். (நீண்ட கைதட்டல்)